குருவிக்கல்லில் தற்செயலாக

அட்டை ஒன்று மோகனராஜின் காற்சட்டைக்குள் புகுந்து, முழங்காலைத் தாண்டி மேலே பயணப்பட்டுக்கொண்டிருந்தது. அவரோ இயற்கையை ரசிக்கிற மனிதரின் முகத்தை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. எதிரே, ஆள் உயர மானாப்புல்லை விலக்கிக்கொண்டு, கம்பளை ராஜரத்தினத்தின் நீலத் தொப்பி வந்துகொண்டிருந்ததுதான் காரணம்.

அந்த நீலத் தொப்பியைத் தற்செயலாகச் சந்திப்பது என்று ஒரு மாதத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது.

கண்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் மோகனராஜுக்கு ஒரே மகள் சஞ்சீவனி. அவர்கள் குடும்பத்தில் பெண்ணை வீட்டில் உட்கார வைத்துக் காட்டும் வழக்கம் இல்லை. ஏதாவது பொது இடத்தில் இரண்டு குடும்பங்களும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பிடித்துப்போனால் சம்பந்தம். பிடிக்காவிட்டால் யாரோ யாரையோ வழியில் பார்த்தார்கள், அவ்வளவுதான். எந்தப் பக்கத்துக்கும் மானக்கேடு இல்லை. இதைக் கண்டுபிடித்த முன்னோர் யாரோ, அவருக்குச் சிலையே வைக்கலாம்.

ஆனால் முன்னோருக்கு மாத்தளைச் சித்தியைத் தெரியாது. கோயிலில் நடந்த முதல் தற்செயலுக்கு, அவர் மனைவி பரிமளத்தின் அந்தச் சித்தி ஒரு பஸ் நிறைய உறவினர்களோடு தற்செயலாக வந்து சேர்ந்தாள். பேராதனைப் பூங்காவில் நடந்த இரண்டாவது தற்செயலின்போது மூங்கில் புதருக்கு ஓர் உறவினர் வீதம் ஒளிந்திருந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் பூவைப் பார்க்கப் போனவன், அப்படியே வேலியைத் தாண்டிக் குதித்து ஓடியே போனான் என்று பேச்சு. மறுநாள் கடைக்குக் கேத்தல் வாங்க வந்தவர்கள் எல்லாம் மோகனராஜின் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்துவிட்டுக் கேத்தல் வாங்காமலே போனார்கள்.

"இன்னொன்னு இப்படி ஊரறிய முறிஞ்சா, ராசியில்லாத பொண்ணுன்னு பேர் வச்சிருவாங்க. அதுக்கப்புறம் யாரும் வாசப்படி ஏற மாட்டாங்க" என்றாள் பரிமளம்.

ஆகவே கண்டிக்காரர் ஒருவர்கூட எட்டிப் பார்க்காத இடம் ஒன்று தேவைப்பட்டது. அந்த நேரத்தில்தான் மோகனராஜ் மகளின் கைப்பேசித் திரையில் ஒரு நீர்வீழ்ச்சிப் படத்தைக் கண்டார். கைப்பேசி சாப்பாட்டு மேசையில் அவர் தட்டுக்கு நேரே கிடந்தது. அந்த வாரம் முழுக்க அங்கேயேதான் கிடந்தது.

"இது எங்கம்மா?"

"மடுல்கெல்லப் பக்கமாம்ப்பா. குருவிக்கல்னு பேராம். இப்போ யாருமே போறதில்லையாம்."

யாருமே போவதில்லை என்ற சொல் மோகனராஜின் காதில் தேனாகப் பாய்ந்தது. இந்த யோசனை தனக்கு மட்டும் எப்படி வந்தது என்று தன் மூளையைத் தானே வியந்துகொண்டு தரகருக்குத் தொலைபேசினார்.

கம்பளையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் ராஜரத்தினத்தின் மகன் துஷாந்த், கண்டியில் நல்ல உத்தியோகம். படம் காட்டிய பெண்களையெல்லாம் வேண்டாம் என்று தள்ளியவன், இந்தப் பெண் என்றதும் படத்தைக்கூடப் பார்க்காமல் சரி என்றானாம். சாதகப் பொருத்தம் அப்படி வேலை செய்கிறது என்று தரகர் புல்லரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள். காலையில் வெள்ளனவே போய் வெள்ளனவே திரும்பிவிட வேண்டும் என்று சஞ்சீவனிதான் பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு அது பெரிய தியாகம். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் கணக்கியல் வகுப்புக்குப் போகிற பெண் அவள். என்ன பாடமோ, அவ்வளவு படித்தும் இன்னும் பரீட்சை எழுதும் கட்டத்துக்கு வரவில்லை. பெற்றவர்களுக்காக அன்று அந்த வகுப்பையும் விட்டாள்.

பரிமளம் மகளுக்கு மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். கடையிலேயே பெரிய டிபன் கேரியரைக் கழுவி எடுத்துக் கேசரி நிரப்பினாள். வேன்காரர் அஹ்னாபிடம், மூலிகை ஆராய்ச்சிக்குப் போவதாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் பட்டுச்சேலையையும் கேரியரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் கேக்கல்ல முதலாளி. மூலிகைக்கு நல்லபடியா அமையணும்னு துஆ கேக்கிறேன்" என்றார்.

குருவிக்கல்லின் வாசலைப் பார்த்ததும் மோகனராஜின் மனம் குளிர்ந்தது. எவனும் வரவில்லை என்பதற்கு அங்கே அத்தனை அத்தாட்சிகள் இருந்தன. டிக்கெட் கொடுக்கும் கூண்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது தலையைத் தூக்கி, உங்களுக்கு எத்தனை டிக்கெட் என்று கேட்கிற மாதிரி பார்த்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் பாசி படர்ந்து, திறந்தவரின் பெயரில் மூக்கு மட்டும்தான் மிச்சம் என்று சொல்லும்படி ஒரு சுழி தெரிந்தது. பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கடையும் பூட்டியிருந்தது. பலகையில் சோக்குக்கட்டியால் 'பூசைக்குப் போயிருக்கேன்' என்று எழுதியிருந்தது. சஞ்சீவனி அதைப் படித்துவிட்டு ஏனோ பெருமூச்சு விட்டாள்.

அட்டைக்குச் சவுக்காரம் தேய்க்க வேண்டும் என்பது மோகனராஜுக்குத் தெரியும். அவர் வீட்டிலிருந்து சந்தனச் சவுக்காரம் கொண்டுவந்திருந்தார். மகள் தன் கைப்பையிலிருந்து பாதி கரைந்த துணிச் சவுக்காரத்தை எடுத்து நீட்டி, வகுப்பில் ஓர் அக்கா சொன்னதாகச் சொன்னாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்களப் பாக்கப் போறோம். துணிச் சவுக்கார வாசத்தோடயா போறது?" என்று அவர் சந்தனத்தையே பாதத்திலிருந்து தொடை வரைக்கும் தாராளமாகப் பூசினார். பனி நனைந்த புல்லுக்குள் நடக்க நடக்க நுரை பொங்கிச் சப்பாத்துக்குள் நிரம்பியது. அடி வைக்கும்போதெல்லாம் வாத்துக் குஞ்சு கத்துகிற சத்தம் வந்தது. மடுல்கெல்ல அட்டைகளுக்கு அதுவரை சந்தனம் கிடைத்ததில்லை. கிளை கிளையாக, குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தன.

இந்த நிலையில்தான் நீலத் தொப்பி எதிர்ப்பட்டது. அவர்கள் மேல் றோட்டால் வந்து இறங்கியிருந்தார்கள். தொப்பிக்குப் பின்னால் ராஜரத்தினத்தின் மனைவி சந்திரிகா, அவளுக்குப் பின்னால் துஷாந்த்.

"அட, இந்தப் பக்கமும் மனுசங்க வர்றாங்களா?" என்றார் மோகனராஜ், ஆச்சரியமாக.

"அட, இந்தப் பக்கமும் மனுசங்க வர்றாங்களா?" என்றார் ராஜரத்தினம், அதே ஆச்சரியமாக, அதே நொடியில்.

தரகர் இரண்டு பேருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொடுத்திருந்தார். சந்திரிகாதான் சமாளித்தாள். தாங்கள் சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொன்னாள். கம்பளையில் இருந்த காற்றெல்லாம் தீர்ந்துபோய், இங்கே ஒரு மூட்டை வாங்கிப் போக வந்தவள் மாதிரி அவள் தோளில் பெரிய பை வேறு தொங்கியது.

அவர்கள் சமாளிப்பதைப் பார்த்து மோகனராஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தற்செயலை இன்னும் கொஞ்சம் உறுதியாக்கலாமே என்று நினைத்தார். அன்றைய எல்லா வினையும் அந்த நினைப்பில்தான் தொடங்கியது.

"நாங்க ஞாயித்துக்கிழமை தவறாம இங்க வந்துருவோங்க. இந்தக் காடு எனக்கு என் கடை மாதிரி. கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்."

சஞ்சீவனிக்குத் திடீரென்று புரையேறியது. துஷாந்த் குனிந்து, கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் ராஜரத்தினம். "எங்களுக்கு இடம் புதுசு. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

மோகனராஜ் முன்னால் நடந்தார். முதல் பிரிவிலேயே வழி இரண்டாகப் பிளந்தது. வலது பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்பதாக மகள் மெதுவாகச் சொன்னாள். அது காற்று என்று அடித்துச் சொல்லி இடது பக்கம் திரும்பினார். இடது பக்கம் போய் முடிந்த இடத்தில் கூரையில்லாத ஒரு கட்டடம், உள்ளே மரம் முளைத்து நின்றது. எல்லோரும் அதையும் அவரையும் பார்த்தார்கள். வாரா வாரம் வருகிறவர் தெரியாது என்று சொல்ல முடியுமா?

"இது ராசா காலத்துக் காவல் மண்டபங்க" என்றார்.

ராஜரத்தினம் பழமை என்றால் உருகிவிடுகிற மனிதர். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைகூப்பாத குறையாக உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து செருப்பை மாட்டினார்.

"ராசா வெள்ளைப் பீங்கான்லதான் உக்காந்திருப்பாரு போல" என்றார்.

அதைச் சரிக்கட்ட மோகனராஜ் ஒரு குறுக்கு வழியை அறிவித்தார். மானாப்புல்லுக்குள் புகுந்து, முள்ளில் கிழிபட்டு, வெளியே வந்தால் தலையில்லாத சிமெந்து மான் ஒன்று நின்றது. மறுபடி நடந்தார்கள். மறுபடி ஒரு மான், அதற்கும் தலையில்லை. இன்னொரு சுற்று நடந்து, இன்னொரு மானையும் பார்த்தபிறகு ராஜரத்தினம் நின்றுவிட்டார்.

"இந்தக் காட்டுல எத்தனை மான் வச்சிருக்காங்க? ஒண்ணுக்குமே தலை இல்லையே."

"எல்லாம் ஒரே குடும்பங்க" என்றார் மோகனராஜ். அவருக்கு மூளை அவ்வளவுதான் ஓடியது. தொடையில் இருந்த அட்டை அதற்குள் இடுப்பு வரை குடியேறியிருந்தது.

பரிமளம் நிலைமையைக் கேசரியால் காப்பாற்ற நினைத்தாள். களைத்துப்போன வேளையில் வாய்க்கு இனிப்பாக ஏதாவது கொடுத்தால் மனது இளகும் என்று கேரியரைத் திறந்தாள். நெய்யும் முந்திரியும் மணந்தது மலைக்கு அந்தப் பக்கம் இருந்த குரங்குகளுக்கும் எட்டிவிட்டது. ஒரு பட்டாளமே வந்து இறங்கியது. கேரியர் அடுக்கடுக்காகப் பிரிந்து மரத்துக்கு மரம் போனது. குண்டுக் குரங்கு ஒன்று, பங்கு கிடைக்காத ஆத்திரத்தில், சந்திரிகாவின் தோள் பையைப் பறித்துக்கொண்டு தலையில்லாத மானின் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. பையிலிருந்து மஞ்சள் பூசிய ஒரு தாளை உருவி, நன்றாக விரித்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தது. ஏழாம் வீட்டில் ஏதோ அதற்குப் பிடிக்கவில்லை போலும். சுக்குநூறாகக் கிழித்து எறிந்தது.

எறிந்த துண்டில் ஒன்று பரிமளத்தின் கொண்டையில் வந்து தங்கியது. எடுத்துப் பார்த்தாள். துஷாந்தின் சாதகம்.

"காத்து வாங்க வர்றவங்க சாதகத்தையும் தூக்கிட்டா வருவாங்க?" என்றாள். கேசரி போன துக்கம் அவளைப் பேச வைத்தது.

"நடக்க வர்றவங்க பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, ஒரு கேரியர் கேசரியோடவா வருவாங்க?" என்றாள் சந்திரிகா.

அவ்வளவுதான், தற்செயல் செத்துவிட்டது. மானத்தைக் காப்பதற்கென்றே முன்னோர் போட்டு வைத்த திரை கிழிந்து, எல்லோரும் எல்லோருக்கும் முன்னால் அப்பட்டமாக நின்றார்கள். ராஜரத்தினம் தொப்பியைக் கழற்றினார். அவர் கோபப்பட்டால் தொப்பியைக் கழற்றுவார் என்று பிறகு தெரிந்தது.

"கேசரி, சாதகம் எல்லாம் பரவாயில்ல, அது ரெண்டு பக்கமும் நடந்ததுதான். ஆனா வாரா வாரம் வர்றேன்னு சொன்னாரு பாரு இவரு, கக்கூஸக் காட்டி ராசா மண்டபம்னாரு. பொய் சொல்ற வீட்டுல நான் பொண்ணு எடுக்கிறதில்ல. என் மகன் என்கிட்ட ஒரு வார்த்தை பொய் பேச மாட்டான், அப்படி வளத்திருக்கேன். வா சந்திரிகா, போறோம்."

மோகனராஜின் கண் முன்னால் மாத்தளைச் சித்தி தோன்றினாள். ராசியில்லாத பெண் என்று அவள் தொலைபேசியில் ஊரெல்லாம் அழுவது காதிலும் கேட்டது. "அய்யா, கொஞ்சம் நில்லுங்க" என்று எட்டி ராஜரத்தினத்தின் கையைப் பிடித்தார். சப்பாத்துக்குள் இருந்த நுரை அதற்காகவே காத்திருந்த மாதிரி வழுக்கிவிட்டது. அவர் கீழே போனார். பிடித்த கையை விடாததால் ராஜரத்தினமும் போனார். புல்லுக்குள் விழுந்து, சேற்றில் சறுக்கி, மாணிக்கக் கங்கை ஆறே அவர்களுக்கு அடியில் ஓடுகிற வேகத்தில் சரிவு முழுக்க வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் சளக்கென்று தண்ணீருக்குள் விழுந்தார்கள்.

தலையைத் தூக்கிப் பார்த்தால், எதிரே குருவிக்கல் நீர்வீழ்ச்சி.

அன்றைக்கு உண்மையிலேயே தற்செயலாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

கறுத்த பாறையின் உச்சியிலிருந்து வெள்ளையாக இறங்கிய தண்ணீர், பாதி வழியில் ஒரு படியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, பாறையோரப் பன்னச் செடிகளை நனைத்துக்கொண்டு மடுவுக்குள் விழுந்தது. துருப்பிடித்த கம்பிவேலியும் பிளாஸ்டிக் போத்தல்களும் கரையெல்லாம் கிடக்கும் என்று மோகனராஜ் நினைத்திருந்தார். அந்த ஓரம் மட்டும் யாரோ வீட்டு முற்றத்தைக் கூட்டி வைத்த மாதிரி துப்புரவாக இருந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு தட்டைக் கல்கூட இருந்தது. இரண்டு பெரிய மனிதர்களும் கழுத்தளவு தண்ணீரில், கோபத்தை மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அசையாதீங்க" என்றார் ராஜரத்தினம் திடீரென்று. மோகனராஜின் பிடரியில் கையை வைத்துக் கொழுத்த அட்டை ஒன்றைப் பிய்த்தார். பிய்த்த அட்டை அவருடைய கட்டைவிரலைக் கவ்விக்கொண்டது. மோகனராஜ் அதைப் பிடுங்கப் போக, அது அவர் கைக்குத் தாவியது. இப்படிக் கொடுக்கல் வாங்கலாகக் கொஞ்ச நேரம் போனபின் ராஜரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது.

"உங்க ரத்தத்தையும் குடிச்சிருக்கு, என் ரத்தத்தையும் குடிச்சிருக்கு. நம்ம ரெண்டு குடும்பத்தையும் முதல்ல கலந்து வச்சது இதுதான்."

மற்றவர்கள் வந்து சேர அரைமணி நேரமாவது ஆகும் என்று பார்த்தால், இரண்டு அம்மாமாரையும் கைபிடித்து இறக்கிக்கொண்டு பிள்ளைகள் இரண்டு பேரும் உடனேயே வந்து நின்றார்கள். அவர்கள் வந்த பக்கம் நல்ல கல்படி இருந்தது. அது மோகனராஜின் கண்ணில் அதுவரை படவேயில்லை.

அதற்குள் மழை பிடித்தது. மலைநாட்டு மழை, வாளியால் ஊற்றுகிற மழை. ஒதுங்குவதற்கு வாசலில் இருந்த தேத்தண்ணிக் கடை ஒன்றுதான். பூசை முடிந்து கடைக்காரி வந்திருந்தாள், பலகை திறந்திருந்தது.

"நனைஞ்சாலும் பரவாயில்லப்பா, வேனுக்கே போயிரலாம்" என்றாள் சஞ்சீவனி.

"ஆமா அங்கிள், இந்தக் கடை அவ்வளவு சுத்தமில்ல" என்றான் துஷாந்த்.

புதிதாக வந்தவனுக்கு என்ன தெரியும் என்று ராஜரத்தினம் அதட்டிவிட்டு எல்லோரையும் உள்ளே ஏற்றினார். கடைக்காரி பெற்றீசியா, பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு அடுப்படியில் நின்றாள். அட்டைக்கடிக்குப் பூச உப்பும் தேசிக்காய்ப் புளியும் கொடுத்தாள். அப்பாமார் இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒருவர் காலுக்கு மற்றவர் உப்புத் தேய்த்தார்கள். பிளேன்டி வந்தது. சூடு உள்ளே இறங்கியதும் ராஜரத்தினம் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"சாதகத்தக் குரங்கு பாத்து முடிச்சிருச்சு. இனிப் புள்ளைங்களத்தான் கேக்கணும்."

துஷாந்த் தரையைப் பார்த்து, அப்பா சொன்னால் சரி என்றான். சஞ்சீவனி அதைவிடக் குனிந்து, உங்க இஷ்டம்ப்பா என்றாள். ஒரே ஒரு பார்வையில், முன்பின் தெரியாத ஒருவரைப் பெற்றவர் சொல்லுக்காக ஏற்றுக்கொள்ளும் பிள்ளைகள் இந்தக் காலத்தில் எங்கே கிடைப்பார்கள்? பரிமளமும் சந்திரிகாவும் ஒரே முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி" என்றார் ராஜரத்தினம். மோகனராஜ் கோப்பையை வாங்கில் வைத்தார். "நம்ம வீட்டுல பொய் மட்டும் இருக்கக் கூடாது. வாரா வாரம் இங்க வர்றேன்னீங்களே சம்பந்தி, அது உண்மையா, இல்லையா?"

சம்பந்தி என்ற சொல் வந்துவிட்டது. அதைத் திருப்பி வாங்கவிடக் கூடாது. இந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் எல்லாம் போகும், பொய்யைச் சொன்னால் இருக்கிறதும் போகும். மோகனராஜ் கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்தபடி, அநேகமாக வருவேன், வழிதான் சில நேரம் மறந்துவிடும் என்று முணுமுணுத்தார்.

ராஜரத்தினம் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. கீழ் வாசலால வந்தா உங்க கடையத் தாண்டாம உள்ள போக முடியாது. இவரு ஞாயித்துக்கிழமை தவறாம வர்றவர்தானா?"

பெற்றீசியா கேத்தலை இறக்கி வைத்தாள். சீனி போடாத ஒரு பிளேன்டியைச் சஞ்சீவனி கையிலும், இஞ்சி தட்டிப் போட்ட ஒன்றைத் துஷாந்த் கையிலும், யாரிடமும் எதுவும் கேட்காமலே கொடுத்துவிட்டு, மோகனராஜை மேலும் கீழும் பார்த்தாள்.

"அய்யாவ நான் இன்னைக்குத்தான் பாக்குறேங்க, ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை தவறாம வர்றது இந்தப் புள்ளைங்க ரெண்டும்தான்."